கொப்பியில் என் பக்கம்

தை மாதம் நான்கு மூலை வைத்தேன்,
செயலமர்வில் சொன்னபடி.
மூலைக்கொரு நிறம், மூலைக்கொரு பெயர்ப்பலகை.
வாசிப்புக்குப் பாய்,
மணலுக்குப் பேக்கரித் தட்டம்,
எழுத்துக்கு, யாழ்ப்பாண ரவுணில் வாங்கிய
மினுமினுக்கும் அட்டைகள்:
அ, அணில்.
ஆ, ஆமை.
ஓ, பாசையூரில் எவரும் கண்டிராத ஓநாய்.

பிள்ளைகள் பத்தொன்பது பேர்.
எழுத்து மூலையில் இருந்தது
நானும் ஓநாயும்.

மற்றவர்கள் வாசலடியில்
நீலப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு
மீன் கூறினார்கள்.
“எண்ணூறு, எண்ணூறு, எண்ணூற்றைம்பது!”
கழற்றிவிட்ட செருப்புகள்தான் மீன்.
நிக்சனின் இடதுகால் விளை,
டிலுக்சியின் பட்டி அறுந்தது ஒட்டி,
என்னுடையது கொடுவா.
ஆயிரத்து இருநூறுக்குப் போனது.
அன்று வெறுங்காலோடு நின்று
மத்தியானம் வரை யோசித்தேன்.

அடுத்த கிழமை
எழுத்துகளை வெட்டிக் கிளிப் குத்தி
தண்ணீரில்லாத பேசினில் கொட்டினேன்.
தூண்டில் நுனியில் காந்தம்.
மூன்று நாள் நல்ல பாடு.
நான்காம் நாள் நிக்சன் ஆய்த எழுத்தைப் பிடித்தான்.
மூன்று புள்ளியையும் உற்றுப் பார்த்துவிட்டுத்
திரும்பப் பேசினுக்குள் விட்டான்.
“முட்டை நண்டு ரீச்சர். பிடிக்கக் கூடாது.”

சரி என்று
பலகைகளைக் கழற்றினேன்.
நேசன் கடையில் பழைய தராசு கேட்டேன்,
பாதி எழுதிய பில் புத்தகம், காபன் தாள்.
மேசையை வாசலடிக்கே இழுத்துப் போட்டேன்,
மீன் எங்கேயோ அங்கே.

காபன் தாள்!
மேலே ஒரு கோடு கீறினால்
அடியில் இன்னொன்று.
“ரீச்சர், கீழை ஆரோ இருந்து எழுதினம்!”
பத்தொன்பது பேரும் மேசைக்கடியில் புகுந்து தேடினார்கள்.
அதன்பிறகு ஒருவனும் பில் இல்லாமல்
செருப்பு விற்கவில்லை.

ஜெனிற்றா மட்டும் கூறவில்லை.
அதிகம் கதைக்காத பிள்ளை.
காதில் பென்சில் செருகி
தராசுக்குப் பின்னால் இருந்து
ஒற்றை றூல் கொப்பியில்
வளையம், கோடு, வளையம் என்று
நாள் முழுக்க நிரப்பினாள்.

உத்தியோகத்தர் வந்த அன்றும் அப்படித்தான்.
“எழுத்து மூலை எங்க மிஸ்?”
கையைக் காட்டினேன்.
செருப்புக் குவியலைப் பார்த்து
தன் படிவத்தில் என்னவோ போட்டார்.
அவருக்குக் காபன் தாள் இல்லை,
என்ன போட்டார் என்று தெரியாது.

அவர் போன பிறகு
ஜெனிற்றாவிடம் குனிந்து கேட்டேன்:
இதில என்னம்மா எழுதியிருக்கு?
“நீங்கள் நூற்றியெழுபது தரோணும்.”
எதுக்கு?
“போன கிழமைப் பாண். பிறகு பருப்பு.”

சிரிக்க வாயெடுத்து விட்டுவிட்டேன்.
கொடுப்பனவு வராத மூன்றாவது மாதம்.
நேசன் கடையில் எனக்கும் ஒரு பக்கம் உண்டு.
அம்மாவின் கைபிடித்து
கடை லாச்சியோடு மூக்கு முட்ட
அவள் நின்ற உயரத்தில்தான்
அந்தக் கொப்பி விரிந்து கிடக்கும்.

வளையங்களின் நடுவே
ஒரே ஒரு எழுத்து நின்றது.
பெனடிக்ராவின் பெ.
கொம்பு மட்டும் பகரத்துக்குப் பின்னால்,
காதுக்கு வந்த ஒழுங்கில்.
திருத்த விரல் நீட்டினேன்.
நீட்டிய விரலை அப்படியே
தராசுத் தட்டில் வைத்தேன்.

பழைய அட்டையின் பின்புறம்
பெரிதாய் நூற்றியெழுபது என்று எழுதி,
சுற்றிப் பெட்டி கீறி,
ஓநாய்ப் பக்கம் கீழிருக்க நீட்டினேன்.
காசுதான், இல்லையா?

வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள்.
பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு
என் பெயரின் மேல்
இழுத்து ஒரு வெட்டு.

தாளைத் தூக்கி
அடியிலும் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று
பார்த்த பிறகே
பென்சிலைக் காதில் செருகினாள்.